நிறக்குருட்டுக் கண்ணாடியை மூன்று வாரம் போட்டுப் பார்த்தேன், அழுகை வரவில்லை

சாம்பல்கிளி

எனக்குச் சிவப்பு-பச்சைக் குழப்பம் பிறவியிலேயே உண்டு. பரிசோதித்தவர் எழுதிக் கொடுத்த பெயர் டியூட்டரனோமலி. நிறமே தெரியாது என்றில்லை. சில ஜோடி நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

போன மாதம் என் பிறந்தநாளுக்கு, ஒட்டிக்கொண்ட நிறங்களைப் பிரித்துக் காட்டும் என்று விற்கிற அந்தக் கண்ணாடியை அக்கா வாங்கிக் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை, ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே "போடுடா, போடு" என்கிறாள். அவள் பார்த்த வீடியோக்களில் எல்லாம் பெரிய பெரிய ஆம்பளைகள் கண்ணாடியை மாட்டியதும் தேம்பித் தேம்பி அழுகிறார்களாம். நான் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். "என்னடா தெரியுது?" என்றாள். "எல்லாம் கொஞ்சம் ரோஸா இருக்கு" என்றேன். அவள் முகம் வாடியது. அதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

சரி, வாங்கியது வாங்கியாகிவிட்டது என்று மூன்று வாரம் விடாமல் போட்டேன். வீட்டுக்குள் ஒன்றும் பெரிதாக இல்லை. வெளியே, நல்ல வெயிலில்தான் விஷயம். வேலைக்குப் போகும் வழியில் வேலி ஓரமாக ஒரு செடி. அதில் சிவப்புப் பூ உண்டு என்று தெரியும், பக்கத்தில் போனால் இதழ் தெரியும், பத்தடி தள்ளி நின்றால் இலையோடு இலையாகக் கரைந்துபோகும். நாலாவது நாள் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றே பூக்களை எண்ணினேன். 17. கழற்றிவிட்டு எண்ணினேன், 6. மறுபடி போட்டேன், 17. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை எல்லாம் இல்லை. இத்தனை நாள் என்னை யாரோ ஏமாற்றிக்கொண்டிருந்த மாதிரி லேசான எரிச்சல்.

இன்னொன்று சார்ஜர் விளக்கு. ஏறும்போது ஆரஞ்சு, நிறைந்ததும் பச்சை என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றேதான். கண்ணாடி போட்டால் ஒன்று மங்கல், ஒன்று பளிச். வித்தியாசம் தெரிகிறது, ஆனால் எது பச்சை என்று இன்னும் அக்காவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பதிலுக்கு மஞ்சள் போய்விட்டது. மேசையில் இருக்கும் மஞ்சள் அட்டை அழுக்குப் பிடித்த மாதிரி தெரிகிறது.

கேட்க வந்தது இதுதான். அக்கா மகனுக்கு 7 வயது. மரம் வரைந்தால் தண்டுக்குப் பச்சை, இலைக்குப் பழுப்பு. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கும் ஒன்று வாங்கிவிடலாம் என்கிறாள் அக்கா. வாங்கலாமா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவரவு

தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுமா? அப்ப சிக்னல்ல என்ன பண்ணுவீங்க?

ஒயர்மேன்

வந்துட்டாரய்யா. எங்கே போனாலும் முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி, சட்டையைப் பிடித்து இழுத்து "இது என்ன கலர் சொல்லு".

சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. படுக்க வைத்த சிக்னலைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

சாம்பல்கிளி

@புதுவரவு தப்பில்லை நண்பரே. கறுப்பு வெள்ளையாகத் தெரிவது வேறு, மிக அரிது. எனக்கு நீலமும் மஞ்சளும் உங்களைப் போலவே தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கண்ணை வாங்கிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

விழித்திரை

கண் பரிசோதனைதான் என் தொழில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பார்க்க விழித்திரையில் 3 வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. நீலப் பக்கத்துச் செல் சுமார் 420 நானோமீட்டர் அலைநீள ஒளியில் உச்சத்தில் வேலை செய்யும். பச்சைப் பக்கத்துச் செல் சுமார் 530. சிவப்புக் கூம்பு என்று நாம் சொல்வதன் உச்சம் உண்மையில் 560 வாக்கில்தான். பெயர்தான் சிவப்பு, உச்சம் இருப்பது மஞ்சள் கலந்த பச்சையில். அதாவது சாதாரணக் கண்ணிலேயே இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டும் சொல்லும் பதிலுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை சிவப்பு, பச்சை என்று பிரிக்கிறது.

சாம்பல்கிளிக்குப் பச்சைக் கூம்பு சிவப்பின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன மிஞ்சும்? கொஞ்சம்தான் மிஞ்சும். இந்தக் கண்ணாடி அந்த இருவரும் சேர்ந்து கத்துகிற இடத்தை, 580 நானோமீட்டர் சுற்றுவட்டார மஞ்சளை, வெட்டி எடுத்துவிடுகிறது. ஓரங்களில் இருக்கும் ஒளி மட்டும் உள்ளே வருவதால் வித்தியாசம் கொஞ்சம் பெரிதாகிறது. உங்கள் பூ பளிச்சென்று தெரிந்ததும், உங்கள் மஞ்சள் அட்டை அழுக்கானதும் ஒரே காரணத்தால்தான்.

ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஃபில்டரால் ஒளியைக் குறைக்க மட்டும்தான் முடியும், புதிதாக எதையும் சேர்க்க முடியாது. ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஜோடியைப் பிரித்துவிடும். அதே நேரம், பிரிந்தே இருந்த இன்னொரு ஜோடியை ஒட்டிவிடலாம்.

வீட்டுக்குள் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்றால், கண்ணாடி குளிர்கண்ணாடி மாதிரி இருட்டு. போதாததற்கு வீட்டு விளக்குகளின் ஒளி வெயில் மாதிரி எல்லா அலைநீளமும் பரவலாகக் கலந்தது இல்லை. இரவில் இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

ஒயர்மேன்

எனக்கு இருப்பது புரோட்டனோபியா. சிவப்புக் கூம்பு சுத்தமாக இல்லை. நல்ல சிவப்பு எனக்குக் கறுப்பை ஒட்டிய பழுப்பு. கூட்டத்தில் சிவப்பு லேசரை வைத்துத் திரையில் எதையோ காட்டுவார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன், புள்ளி எங்கே என்றே தெரியாது.

என் தொழில் கேபிள். 25 ஜோடிக் கேபிளைப் பிரித்தால் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று வரிசை. நீலமும் சாம்பலும் சரி. நடுவில் இருக்கும் மூன்றும் ஒரே குடும்பம். இந்தக் கண்ணாடியை நம்பிக் காசைப் போட்டேன். சுவருக்குள் டக்ட், மேலே ஒரு டியூப் லைட், மூக்கில் இந்தக் கண்ணாடி. சிவப்பு இன்னும் இருட்டாகிவிட்டது. முன்பு சந்தேகமாவது இருந்தது, இப்போது ஒயரே தெரியவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனால், "மூளை பழக வேண்டும், இன்னும் இரண்டு மாதம் போடுங்கள்" என்றார்கள். இரண்டு மாதம் போட்டால் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிடும்.

விழித்திரை

@ஒயர்மேன் உங்களிடம் விற்றிருக்கவே கூடாது. நகர்ந்த கூம்பு இருப்பவர்களுக்குத்தான் இதில் ஏதாவது வாய்ப்பு. உங்களுக்கு அந்தப் பக்கத்தில் இருப்பதே ஒன்றுதான், எதிலிருந்து எதைக் கழிப்பது? என்ன வகை என்று சோதிக்காமல் கண்ணாடியைக் கையில் கொடுப்பது, பவர் பார்க்காமல் லென்ஸ் போடுவது மாதிரி.

நேர்க்கோடு

நடுவில் புகுந்து கெடுப்பதற்கு மன்னிக்கவும். 2018இல் ஸ்பெயினின் கிரானடா பல்கலைக்கழகத்தார் இந்த வகைக் கண்ணாடி ஒன்றை 48 பேரிடம் சோதித்தார்கள். கண்ணாடியால் யாருக்கும் சாதாரண நிறப் பார்வை வரவில்லை. நிறங்கள் மாறித் தெரிகின்றன, அவ்வளவே. ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ் இதழில் வந்தது. அழுகை வீடியோக்கள் எல்லாம் என்னைப் பொறுத்தவரை பச்சைப் பொய். (எந்தப் பச்சை என்று கேட்காதீர்கள்.)

சாம்பல்கிளி, உங்கள் பூக் கணக்கும் செல்லாது. முதல் தடவை 17 எண்ணியதும் எங்கெங்கே பூ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

சாம்பல்கிளி

தெரிந்துபோயிருந்தால் கழற்றியதும் ஏன் 6 ஆனது? தெரிந்ததை 11 பூவுக்கு மறந்துவிட்டேனா?

நேர்க்கோடு

அது நியாயமான கேள்வி. ஆனாலும் சோதனை என்றால் வேறு யாராவது ஒளித்து வைக்க வேண்டும், எண்ணிக்கை உங்களுக்குத் தெரியக் கூடாது. கூடவே, வெறும் சிவப்பு பிளாஸ்டிக் தாளையும் கண்ணில் வைத்துப் பாருங்கள். அதே பலன் அதில் கிடைத்தால் இந்தக் கண்ணாடி எதற்கு?

விழித்திரை

@நேர்க்கோடு கிரானடா முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் 2020இல் கரண்ட் பயாலஜி இதழில் வந்ததையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகமும் பிரான்சின் இன்செர்ம் மருத்துவ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்தது. நகர்ந்த கூம்பு உள்ளவர்கள் தொடர்ந்து போட்டுவந்தபோது, கண்ணாடியைக் கழற்றிய பிறகும் சிவப்பு-பச்சை வேறுபாட்டுக்கு அவர்கள் காட்டிய பிரதிபலிப்பு கூடியிருந்தது. சாதாரணக் கண்ணாடி போட்ட ஒப்பீட்டுக் குழுவில் அப்படி இல்லை. இரண்டு ஆய்வும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. முதலாவது, போட்டதும் பார்வை சாதாரணமாகிறதா என்று கேட்டது. இல்லை. இரண்டாவது, பழகினால் ஏதாவது மாறுகிறதா என்று கேட்டது. மாறுகிறது. அந்த மாற்றம் ஒருவரின் அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு உதவும் என்பது தனி விஷயம்.

நேர்க்கோடு

பழக வேண்டும் என்பது ஒயர்மேனுக்கு விற்றவர் சொன்ன அதே வசனம்.

விழித்திரை

வசனம் அதேதான். யாரிடம் சொன்னார் என்பதுதான் தப்பு. ஒயர்மேனுக்குப் பழகவே வழியில்லை.

தேன்சிட்டு

நான் பெண். எனக்கும் டியூட்டரனோமலி. சின்ன வயதில் ஒருவர் சோதித்துவிட்டு, "பொம்பளைப் பிள்ளைகளுக்கு இது வராதும்மா, கவனமாப் பாரு" என்று புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புள்ளிப் படத்தை மறுபடி மறுபடி காட்டினார். நான் கவனம் இல்லாத பிள்ளை என்று வீட்டிலும் முடிவு செய்துவிட்டார்கள்.

வரும். அபூர்வம், அவ்வளவுதான். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு அது ஒன்றே ஒன்று, கெட்டால் கெட்டதுதான். நமக்கு இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். என் அப்பாவுக்கு இந்தக் குறை உண்டு. அம்மா தனக்கே தெரியாமல் ஒன்றைச் சுமந்தவர். இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கு வந்து சேர்ந்தது. ஆகவே என் மகன்கள் இரண்டு பேருக்கும் இது இருக்கும் என்று அவர்கள் பிறக்கும் முன்பே எனக்குத் தெரியும்.

சாம்பல்கிளி, உங்கள் வீட்டிலும் கணக்கு நேராகத்தான் போகிறது. தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கு வர வாய்ப்பு உண்டு. நடுவில் இருப்பவர் உங்கள் அக்கா. இதை அவரிடம் சொல்லும்போது மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். "என்னாலதான் பையனுக்கு வந்துச்சா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் அம்மா இன்னும் நிறுத்தவில்லை.

அப்புறம் அந்த வீடியோ விஷயம். எனக்கு அழுகை வந்தது. பச்சைப் பொய் இல்லை @நேர்க்கோடு. ஒரு சாயங்காலம் கணவர் வானத்தைக் காட்டி, "பாரேன், எவ்வளவு சிவப்பு" என்றார். அவர் எப்போதும் சொல்வார், நானும் எப்போதும் "ஆமா" என்பேன். அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். "ஆமா" என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

இப்போது அதைப் போடுவது மாதத்துக்கு ஒரு தடவை இருக்கும். காது பின்னால் வலிக்கிறது.

நேர்க்கோடு

மன்னிக்கவும். பொய் என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். ஆய்வைத் திரும்பப் பெறவில்லை.

புதுவரவு

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில பாஸ் பண்ணிடலாமா? தம்பிக்குக் கேக்குறேன்.

விழித்திரை

தம்பிக்குத்தான் என்று நம்புகிறேன். முடியாது. இஷிஹாரா புள்ளிப் படங்களை நிறமேற்றிய கண்ணாடி எதுவும் இல்லாமல்தான் பார்க்க வேண்டும். போட்டுக்கொண்டு பார்த்தால் எண் தெரியலாம், சிவப்பு பிளாஸ்டிக் தாளை வைத்துப் பார்த்தாலும்கூடத் தெரியும். எண்ணும் பின்னணியும் நிறத்தில் மட்டும் வேறுபட்டு, பிரகாசத்தில் கலந்துபோகும்படி ஷினோபு இஷிஹாரா 1917இல் அந்தப் படங்களை அமைத்தார். சிவப்பு ஃபில்டர் ஒன்றை இருட்டாக்கி மற்றொன்றை அவ்வளவாகக் குறைக்காமல் விட்டால் எண் எழுந்து நிற்கும். நிறம் தெரிந்து படிப்பது வேறு, வெளிச்சத்தை வைத்துப் படிப்பது வேறு.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பக்கங்கள் வேறு. சாதாரணக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நிறக்குறை உள்ளவருக்கு மட்டும் எண் தெரியும். "இதில் ஒன்றும் இல்லையே" என்று நான் சொல்லும்போது எதிரில் இருப்பவர் சிரிப்பதைப் பார்க்க வேண்டும்.

பழைய_ரேடியோ

வேலைக்கும் கண்ணுக்கும் முடிச்சு விழுந்ததே ஒரு ரயில் விபத்தால்தான். 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா பக்கம் இரண்டு ரயில்கள் மோதின. ஊழியருக்குச் சிக்னல் நிறம் தெரியாததுதான் காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற உடலியல் அறிஞர் வாதாடி, கம்பளி நூல் கட்டுகளைக் கொடுத்து ஊழியர்களைப் பிரிக்கச் சொல்லும் சோதனையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து நம்மவர்களுக்குப் பல கதவுகள் மூடின. சில சரியாகவே மூடின என்றுதான் சொல்வேன்.

பேச்சு இவ்வளவு தூரம் போய்விட்டது, ஜான் டால்டனை விட முடியாது. அணுக் கொள்கை டால்டன்தான். அவர் ஒரு ஜெரேனியம் பூவைப் பகலில் பார்த்தால் வான நீலம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பு. மற்றவர்களுக்கு அப்படி மாறவில்லை, அவருடைய அண்ணன் தவிர. 1794இல் இதை மான்செஸ்டரில் கட்டுரையாகவே படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலச் சாயம் ஏறியது, அதனால்தான் சிவப்பு வடிகட்டப்படுகிறது என்பது அவர் கணக்கு. அதாவது, கண்ணுக்குள்ளேயே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது என்று நினைத்தார். செத்தபிறகு திறந்து பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844இல் பார்த்தார்கள். திரவம் தண்ணீர் மாதிரி தெளிவு. ஒரு கண்ணின் பின்புறத்தை வெட்டி அதன் வழியாகவே பார்த்தார் மருத்துவர் ரான்சம். நிறமெல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. மிச்சத்தைப் பத்திரப்படுத்தினார்கள். 1995இல் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சோதித்தபோது பச்சைக் கூம்புக்கான மரபணு இல்லை என்று தெரிந்தது. 150 வருடம் பொறுத்து ரிசல்ட் வாங்கிய நோயாளி அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒயர்மேன்

கண்ணாடியால் முடியாது சரி. ஊசி போட்டு அந்தக் கூம்பை உள்ளே வைக்க முடியாதா?

பழைய_ரேடியோ

குரங்குக்கு வைத்திருக்கிறார்கள். 2009இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து நைட்ஸ் தம்பதியர் குழு, பிறவியிலேயே சிவப்பு-பச்சை பிரியாத அணில் குரங்குகளின் விழித்திரைக்குள் மரபணுவைச் செலுத்தியது. வளர்ந்த குரங்குகள்தான். சில மாதங்களில் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டன. அதில் ஒரு குரங்கின் பெயர் டால்டன்.

ஒயர்மேன்

அந்தக் குரங்குக்கு என் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

மேகக்கூட்டம்

நான் வரைபடங்கள், சார்ட்டுகள் செய்பவன். கண்ணில் குறை இல்லை. ஒருநாள் மேலாளர் என் அறிக்கையைத் திருப்பி அனுப்பினார், "இதில் எந்தக் கோடு லாபம், எந்தக் கோடு நஷ்டம்?" என்று. பச்சை லாபம், சிவப்பு நஷ்டம், குழந்தைக்குத் தெரியுமே என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மூன்று வருடமாக அவர் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்து ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதிலிருந்து ஒகாபே, இட்டோ என்ற இரண்டு ஜப்பானியர்கள் தேர்ந்து வைத்த 8 நிறங்களைத்தான் பயன்படுத்துகிறேன். கோட்டின் பக்கத்திலேயே பெயரையும் எழுதிவிடுகிறேன். அவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பதைவிட இது எனக்கு 5 நிமிட வேலை.

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது இருக்கிறதாம். அப்படியானால் அங்கே 12 ஆண்கள் உட்கார்ந்த கூட்டத்தில் சராசரியாக ஒருவர் சும்மா தலையாட்டுகிறார்.

சாம்பல்கிளி

சோதனை முடிந்தது. நேர்க்கோடு சொன்னபடியே செய்தேன்.

புல்வெளியில் துணி மாட்டும் சிவப்புக் கிளிப்புகளை ஒளித்துவைக்க மருமகனை நியமித்தேன். எத்தனை என்று எனக்குச் சொல்லக் கூடாது. மூன்று ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம், ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி வைத்தான். அக்கா போனில் நேரம் பார்த்தாள். (இந்த முறையும் வீடியோ எடுத்தாள் என்று சந்தேகம்.)

வெறும் கண், 7. இந்தக் கண்ணாடி, 15. ஜிகினாத் தாள் மாதிரி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தாள், 16. ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் வைத்தது 20.

நேர்க்கோடு, நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ஆனால் முழுக்கச் சொல்லிவிடுகிறேன். தாளை வைத்துப் பார்த்தபோது கிளிப்புகள் வெள்ளையாக எரிந்தன, புல் கரிக்கட்டை. கண்டுபிடிப்பது சுலபம், ஆனால் அங்கே நிறம் என்று எதுவுமே மிச்சமில்லை. கண்ணாடியில் புல் புல்லாகவும் கிளிப் சிவப்பாகவும் இருந்தன. புல்வெளியில் கிளிப் தேடுவதே வாழ்க்கை என்றால் தாள் போதும். சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்ச் சும்மா நிற்க வேண்டுமென்றால் கண்ணாடி. எனக்கு அந்த இரண்டாவது பிடித்திருக்கிறது, அதற்கு மேல் வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

நேர்க்கோடு

சிரிக்கவில்லை. உண்மையில் கண்ணாடிக்கு 15 வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனை என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லாமல் விடுகிறேன்.

தேன்சிட்டு

பையன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தானா இல்லையா? அதைத்தானே கேட்க வந்தீர்கள்?

சாம்பல்கிளி

போட்டான் அக்கா. மூக்கில் நிற்கவில்லை, கையால் பிடித்துக்கொண்டே ஒரு சுற்றுப் பார்த்தான். "மாமா, எல்லாம் ரோஸா இருக்கு" என்றான். நான் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். பிடித்தது அந்த பிளாஸ்டிக் தாள்தான். அதை வட்டமாக வெட்டி ஒரு கண்ணில் மட்டும் கட்டிக்கொண்டு கடற்கொள்ளைக்காரனாக அலைகிறான். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்து, "இந்தக் கண்ணுல பூ வெள்ளை, அந்தக் கண்ணுல பூ பழுப்பு" என்று எங்களுக்குச் செய்தி வாசிக்கிறான்.

விழித்திரை

உங்கள் மருமகன் 1971ஐக் கண்டுபிடித்துவிட்டான். அந்த வருடம் எக்ஸ்-குரோம் என்ற பெயரில் ஒரு சிவப்பு கான்டாக்ட் லென்ஸ் வந்தது. ஒரு கண்ணில் மட்டும் போட வேண்டும். இரண்டு கண்ணுக்கும் வரும் வித்தியாசத்தை வைத்து நிறத்தை ஊகிக்கலாம் என்பதுதான் யோசனை. அவனுக்கு ராயல்டி கேட்கலாம் போல.

வாங்குவது பற்றி என் கருத்து: இப்போது வேண்டாம். முதலில் என்ன வகை என்று ஒழுங்காகச் சோதியுங்கள். எண் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்திலேயே விரலால் கோடு பின்பற்றும் பக்கங்கள் உண்டு. பள்ளியில் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். பிறவியில் வந்தது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, பயப்பட ஒன்றுமில்லை. வளர்ந்தபிறகு திடீரென்று நிறம் மாறித் தெரிந்தால்தான் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும், அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

தேன்சிட்டு

க்ரேயான் குச்சிகளில் பெயர் எழுதி ஒட்டுங்கள். என் மகன்களுக்கு அதுதான் செய்தேன். "இலைக்குப் பச்சை" என்று படித்து எடுத்துக்கொள்வார்கள். மூத்தவன் வேண்டுமென்றே பழுப்பு இலை வரைந்து ஆசிரியரை வம்புக்கு இழுத்தது பிறகு நடந்த கதை.

ஒயர்மேன்

நானும் அதேதான். ஒயர் நுனியில் நம்பர் டேக். டேக் இல்லாவிட்டால் மீட்டர். நிறத்தைப் பார்த்து ஒயரைத் தொடுபவன், கண் நல்லா இருந்தாலும் நீண்ட நாள் இருக்க மாட்டான்.

யாருக்காவது அந்தக் கண்ணாடி வேண்டுமா? ஃப்ரேம் நன்றாக இருக்கிறது.

சாம்பல்கிளி

நேற்று ராத்திரி நானும் அக்காவும் உட்கார்ந்து 24 க்ரேயானுக்கும் பெயர் எழுதி ஒட்டினோம். அவள் நிறம் சொல்ல, நான் எழுத, அவன் ஒட்ட. இலைப்பச்சை, கிளிப்பச்சை, செங்கல், அரக்கு என்று நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு குச்சி. எனக்கும் அவனுக்கும் அது நீலம். அக்கா ஊதா என்றாள். அத்தான் எட்டிப் பார்த்து, "ஊதான்னா நீலம்தானே, இது கத்தரிப்பூ" என்றார். அவள் இல்லை என்றாள். கண் நன்றாக இருக்கும் இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை. மருமகன் தூங்கிவிட்டான்.

அந்தக் குச்சிக்கு மட்டும் இன்னும் பெயர் ஒட்டவில்லை.